அபராதம் கட்டிவிட்டு அதே பிரஸ்ஸை ஓட்டுகிறார்கள்

கேள்வி – 11 மே 2024

சிவகாசி பக்கம் செங்கமலப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்துச் செய்தியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஒரு உயிர் போனால் பத்து லட்சம் அபராதம் என்று சட்டம் போட்டால் எந்த முதலாளியாவது பாதுகாப்பில் விளையாடுவானா? தமிழ்நாட்டில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருக்கிறாரா, இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 மே 2024

இருக்கிறார். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்று துறைக்குப் பெயர். கையில் இருக்கும் சட்டம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். பிரிவு 92தான் பொதுவான தண்டனைப் பிரிவு: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாப்பு அத்தியாயத்தை மீறி ஆள் இறந்துபோனால் அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. பலத்த காயம் என்றால் 5,000க்குக் குறையக்கூடாது. இந்தத் தொகைகள் போபாலுக்குப் பிறகு 1987இல் சட்டத்தைத் திருத்தியபோது வந்தவை. அன்றைக்கு 25,000 ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு ஒரு நடுத்தர பிரஸ் ஷாப் (இயந்திரத்தால் தகட்டை அடித்துப் பாகம் செய்யும் பட்டறை) தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கும் பட்ஜெட்.

அபராதம் குறைவு என்பதில் உங்களோடு சண்டை இல்லை. அதைக் கூட்டினால் போதும் என்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிரஸ் ஷாப்களில் சேஃப்டி ஆபீசராக இருந்தவன். முதலாளிகள் எதற்குப் பயப்படுவார்கள், எதற்குப் பயப்பட மாட்டார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

12 மே 2024, இரவு

சிவகாசி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கேள்வி அங்கேதான் ஆரம்பித்தது. அது தனி உலகம். அங்கே தொழிற்சாலை ஆய்வாளர் மட்டும் இல்லை. வெடிபொருள் துறை, வருவாய்த் துறை, போலீஸ், தீயணைப்பு என்று பல கைகள் உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், ஷெட்டுகளை உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுவது வேறு ஆட்கள். ஒரு ஷெட்டில் இத்தனை பேர்தான், மருந்து இவ்வளவுதான் என்று விதி உண்டு. குத்தகைக்கு எடுத்தவனுக்குப் போட்ட காசை சீசனுக்குள் எடுக்கணும். அதனால் விதியை மீறி மரத்தடியில் வைத்தும் வேலை நடக்கும். 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம் என்று வெடிவிபத்துப் பட்டியல் நீண்டுகொண்டே போவதற்கு இது ஒரு பெரிய காரணம். சட்டப்படி தண்டனைக்கு உரியவன் ஒருவன், வேலை வாங்குகிறவன் வேறொருவன்.

அச்சங்குளம் வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் இழப்பீடு என்று சொன்னது. பிரிவு 92இன் 25,000த்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் வெடிக்காமலா இருந்தது? உங்கள் 'பத்து லட்சம்' கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

14 மே 2024

"இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணனுக்கு ஒரு உத்தரவு உண்டு. அரசாங்க ஜீப் வந்தால் கையெழுத்து வாங்க ரெஜிஸ்டரைத் தேடுவது போலக் கொஞ்சம் நேரம் இழுக்கணும். அதற்குள் ஷாப் ஃப்ளோருக்கு போன் போய்விடும். டூல் ரூம் அலமாரியில் எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் கார்டுகள் (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்புகள்) எல்லாம் மெஷினில் ஏறிவிடும். ஹெல்மெட், கண்ணாடி, காது அடைப்பான் எல்லாம் வெளியே வரும். கார்டு போட்டு ஓட்டினால் மணிக்கு எத்தனை பீஸ் வரும் என்று அந்த ஆபரேட்டருக்கே தெரியாது, ஏனென்றால் அவர் அப்படி ஓட்டியதே இல்லை.

சேஃப்டி கமிட்டி மினிட்ஸ் என்று ஒரு நோட்டு. ஆறு மாத மீட்டிங்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே நாளில் எழுதியது. வந்த ஆய்வாளர்களில் கூர்மையான ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "மழைக்காலத்துல நடந்த மீட்டிங்லகூட எல்லாரும் வந்திருக்காங்க, நல்ல கம்பெனி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜருக்கு அதில் இருந்த குத்தல் புரியவே இல்லை. பெருமையாக மேலிடத்தில் சொன்னார்.

19 மே 2024

கேஸ் எப்படிப் போகிறது என்று அடுத்த கேள்வி.

விபத்து நடந்தால் நிறுவனம் துறைக்கு அறிக்கை அனுப்பணும். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றாலே அறிக்கை கட்டாயம். ஆய்வாளர் வருவார், படம் எடுப்பார், வாக்குமூலம் வாங்குவார், விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். பதில் திருப்தி இல்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இங்கே இரண்டு முட்டுக்கட்டை. ஒன்று, இந்தச் சட்டத்தின் கீழ் ஆய்வாளர் அல்லது அவருடைய எழுத்துமூல அனுமதி பெற்றவர் புகார் கொடுத்தால்தான் கோர்ட் எடுக்கும். பிரஸ்ஸில் விரல் போனவர் தானாகப் போய் நிற்க முடியாது. இரண்டு, குற்றம் ஆய்வாளருக்குத் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் போயாகணும். தாண்டினால் கதை முடிந்தது.

நாட்டிலேயே தொழிற்சாலை எண்ணிக்கை அதிகம் உள்ள மாநிலம் நம்முடையது. ஒரு ஆய்வாளர் தலையில் எத்தனை ஆலை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் பறந்துவிடும்.

கோர்ட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் வாதாடுவதே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஃபேக்டரிக்கே திரும்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் ரசீது அக்கவுண்ட்ஸுக்குப் போய் 'இதர செலவு' கணக்கில் சேர்ந்தது. விரலை எடுத்த பிரஸ் அன்றைக்கு மதிய ஷிப்டிலும் ஓடியது.

20 மே 2024

மேனேஜரைத்தானே உள்ளே தள்ளுவார்கள் என்று கேட்டவருக்கு: இல்லை. கம்பெனி என்றால் 'ஆக்குபையர்', அதாவது சட்டப்படி ஆலைக்குப் பொறுப்பாளி, ஒரு டைரக்டராகத்தான் இருக்கணும். ஒரு ஊழியரை அந்த இடத்தில் உட்கார வைக்க முடியாது என்று 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேனேஜர் மீதும் கேஸ் வரும், அது கூடுதல். பிரிவு 101இல் 'உண்மையான குற்றவாளி இவர்தான்' என்று இன்னொருவரைக் கைகாட்டித் தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் தான் எல்லாக் கவனமும் எடுத்துக்கொண்டதை நிரூபிக்கணும். அலமாரியில் கார்டை வைத்திருப்பவருக்கு அது லேசில் ஆகாது.

அபராதத்தைவிட இதுதான் உறைக்கும். 10,000 ரூபாய் அபராதத்துக்கு அசையாத ஒரு டைரக்டர், கோர்ட் வராண்டாவில் பெயர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2 ஜூன் 2024

இதை யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விரல் போனால் யார் பணம் கொடுப்பது? இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000க்குள் இருக்கும் ஆள் என்றால் ஆஸ்பத்திரிச் செலவு, லீவு நாள் பணம், நிரந்தர ஊனப் பணம் எல்லாம் இ.எஸ்.ஐ. பொறுப்பு. எந்த விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று சட்டத்தில் அட்டவணையே இருக்கிறது. கட்டைவிரல் முழுசாகப் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசும் 14. நடுவிரல் 12. ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50. சராசரி நாள்கூலி 600 என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 540. அதில் 14 சதவீதம், நாளைக்கு 75 ரூபாய் 60 பைசா. ஆள்காட்டி விரலுக்கு ஆயுள் முழுவதும் வரும் பணம் இது. பைசா தவறாமல் வரும், அதில் இ.எஸ்.ஐ.யைக் குறை சொல்ல மாட்டேன்.

முதலாளி கட்டுவது? சம்பளத்தில் 3.25 சதவீதம். தொழிலாளி 0.75. வருஷத்துக்கு ஐந்து விரல் எடுக்கும் கம்பெனிக்கும் 3.25தான், ஒரு கீறல்கூட இல்லாமல் பத்து வருஷம் ஓட்டும் கம்பெனிக்கும் அதே 3.25தான். இ.எஸ்.ஐ. இருந்தால் பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்கவும் வழி இல்லை. ஆகக்கூடி விபத்து நடந்ததால் முதலாளி பையிலிருந்து கூடுதலாகப் போகும் பணம் அந்த அபராதம் மட்டும்தான், அதுவும் கேஸ் வந்தால்.

ஜெர்மனியிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் விபத்துக் கணக்கைப் பார்த்து பிரீமியம் ஏறும், இறங்கும். லாரி இன்சூரன்ஸில் கிளெய்ம் வாங்காதவருக்குத் தள்ளுபடி என்று நம் ஊரிலேயே இருக்கிறது. லாரிக்கு இருக்கும் கணக்கு விரலுக்கு ஏன் இல்லை? இன்ஸ்பெக்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் வலிக்கிற தண்டனை அதுதான்.

3 ஜூன் 2024

"அப்படிச் செய்தால் விபத்தையே மறைப்பார்கள்" என்று ஒருவர். சரியான எதிர்வாதம். இப்போதே மறைக்கிறார்கள். பிரீமியம் ஏறும் என்றால் கூடுதலாக மறைப்பார்கள். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. போன விரலை மறைக்க முடியாது, ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகணும் என்பது மட்டும் ஒரு பிடி.

9 ஜூன் 2024

அப்படியானால் எதற்குத்தான் பயப்படுகிறார்கள்?

மெஷின் நிற்பதற்கு. கார் கம்பெனிக்கு பார்ட் சப்ளை செய்கிறவன் இரண்டு நாள் ஸ்டாக்கில் ஓடுகிறான். அங்கே லைன் நின்றால் டெபிட் நோட் (நஷ்டத்தை இவன் கணக்கில் கழிக்கும் சீட்டு) வரும், அடுத்த மாடலுக்கு ஆர்டர் வேறொருவனுக்குப் போகும். சட்டத்தில் இதற்கு ஆயுதம் இருக்கிறது. பிரிவு 40இல் ஆபத்தான கட்டடத்தையோ இயந்திரத்தையோ சரிசெய்யும்வரை பயன்படுத்தாதே என்று ஆய்வாளர் எழுதிக் கொடுக்கலாம். 87ஏ பிரிவில் கடும் அபாயம் உள்ள இடத்தில் ஆளையே வேலைக்கு வைக்காதே என்று உத்தரவு போடலாம். எந்தக் கோர்ட்டுக்கும் போக வேண்டாம், மூன்று மாதக் கெடு கிடையாது. நான் பார்த்த வரையில் ஒரு இடத்தில் இப்படி ஒரு வரிசை பிரஸ்கள் நிறுத்தப்பட்டன. பல வருஷமாக 'பட்ஜெட் இல்லை' என்று சொல்லப்பட்ட கார்டுகள் அந்த வாரமே வந்து இறங்கின. ராத்திரி ஃபேப்ரிகேட்டர் கடையில் முதலாளியே போய் நின்றார்.

10 ஜூன் 2024

மேலே எழுதியதை இரவு திரும்ப யோசித்தேன். நிறுத்தினால் முதலில் அடி வாங்குவது யார்? 87ஏ உத்தரவு இருக்கும் காலத்தில் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கணும், முடிந்தால் மாற்று வேலை தரணும் என்று சட்டம் சொல்கிறது. பெர்மனென்ட் ஆளுக்கு அது கிடைக்கும். பிரஸ்ஸில் நிற்பவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட். ஒடிசாவிலிருந்து, பீகாரிலிருந்து வந்த பையன்கள். "ரெண்டு நாள் ரூம்ல இருங்க, கூப்பிடுறோம்" என்று காண்ட்ராக்டர் சொன்னால் அவ்வளவுதான். மேலே சொன்ன அந்த இடத்தில் வரிசை நின்றபோது ஆய்வாளரைத் திட்டியவர்களில் அந்தப் பையன்களும் உண்டு. அதில் ஒருவனுக்கு ஏற்கெனவே விரல்நுனி இல்லை.

நிறுத்துவது வேலை செய்கிறது என்ற கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அது சுத்தமான ஆயுதம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

10 ஜூன் 2024, சற்று கழித்து

"நீங்க முதலாளி பக்கமா, தொழிலாளி பக்கமா?" சம்பளம் முதலாளி கொடுத்தார். ஐஸ் பெட்டியில் விரலை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் நான் போனேன். பக்கத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

28 ஜூன் 2024

இன்றோடு மவுலிவாக்கம் பத்து வருஷம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் போனார்கள். பக்கத்தில் மிஞ்சி நின்ற இன்னொரு கட்டடத்தை 2016இல் வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம்.

கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அதைப் பார்ப்பதும் இதே துறைதான். பாதுகாப்பு விதியை மீறினால் என்ன தண்டனை தெரியுமா? மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம். பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை. இரண்டாயிரம்தான். ஹெல்மெட் போடாமல் பைக்கில் போனால் இப்போது 1,000.

17 ஆகஸ்ட் 2024

லைட் கர்ட்டன் கதையை எழுதச் சொல்லி ஒருவர் தனியாகக் கேட்டார். பிரஸ் தெரியாதவர்களுக்காக முதலில் இது.

பழைய பிரஸ்களில் பின் கிளட்ச், கீ கிளட்ச் என்று உண்டு. பெடலை மிதித்தால் சாவி உள்ளே விழும், ரேம் (அடிக்கும் பாகம்) கீழே இறங்கி மேலே ஏறும்வரை கடவுளே வந்தாலும் நடுவில் நிறுத்த முடியாது. சாவியோ ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டால் மிதிக்காமலே இன்னொரு தடவை அடிக்கும், 'ரிப்பீட்' என்பார்கள். போன விரல்களில் பாதி அந்த ரிப்பீட்டில்தான் என்பது என் அனுபவம். நியூமேடிக் கிளட்ச் பிரஸ் வேறு. அதை எந்த இடத்திலும் நிறுத்தலாம். லைட் கர்ட்டன் என்பது கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் சாதனம். நிறுத்தவே முடியாத மெஷினில் அதை மாட்டினால் என்ன பிரயோஜனம்?

நான் போன ஒரு கம்பெனியில் மாட்டியிருந்தார்கள். ஆய்வு அறிக்கையில் 'பிரஸ்களுக்கு லைட் கர்ட்டன் பொருத்தவும்' என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி. முதலாளி நியாயமான மனுஷன், கடன் வாங்கி எல்லா பிரஸ்ஸிலும் போட்டுவிட்டார். பின் கிளட்ச் மெஷின்களிலும் பச்சை விளக்கு அழகாக எரிகிறது. ஆபரேட்டர்கள் 'இனி பயமில்லை' என்று முன்னைவிடத் தைரியமாக டைக்குள் (அடிக்கும் அச்சுக்குள்) கை விடுகிறார்கள். அந்த மெஷினுக்குத் தேவை கை நுழையவே முடியாத ஒரு கம்பிவலைக் கூண்டு, பீஸை எடுக்க ஒரு காந்தக் குச்சி. லைட் கர்ட்டனைவிட விலை ரொம்பக் குறைவு.

இதை இன்ஸ்பெக்டரைத் திட்ட எழுதவில்லை. காலையில் சாயப்பட்டறை, மத்தியானம் பிஸ்கட் கம்பெனி, சாயங்காலம் பிரஸ் ஷாப் என்று ஓடும் ஒருவருக்குக் கிளட்ச் வகையெல்லாம் பார்க்க நேரம் ஏது?

18 ஆகஸ்ட் 2024

முதலாளிக்குச் சொன்னேனா என்று கேட்கிறார்கள். சொன்னேன். "இன்ஸ்பெக்டர் எழுதினதை எடுத்தா திரும்ப கேஸ் வருமே சார்" என்றார். கர்ட்டனை எடுக்காமலே கூண்டையும் போட்டுக்கொடுத்தோம். பச்சை விளக்கு இன்னும் எரிகிறது.

31 ஜனவரி 2025

ராணிப்பேட்டை நினைவு வந்தது. 2015இல் இதே நாள். தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

தொட்டித் தண்ணீரின் தரத்தை ஒரு துறை பார்க்கும். மெஷினை இன்னொரு துறை பார்க்கும். ஆலைக்குள் ஆள் எங்கே படுத்துத் தூங்குகிறான் என்பதை யார் பார்ப்பது? நான் நிரப்பிய செக்லிஸ்ட் எதிலும் அந்தக் கேள்வி இருந்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆய்வுக்கு வந்த யாரையும் நான் கண்டதும் இல்லை.

1 பிப்ரவரி 2025

தலைப்பை விட்டு விலகுகிறேன், பரவாயில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் பிரஸ் ஷாப்பில் 8 மணி ஷிப்டும் 4 மணி ஓ.டி.யும் அதற்கு முன்னாலும் நடந்தது, பின்னாலும் நடக்கிறது. விபத்து ரெஜிஸ்டரைப் புரட்டினால் ஓ.டி. நேரம்தான் கண்ணில் படும்.

6 ஜூலை 2025

சின்னக்காமன்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்துக்குப் பிறகு மறுபடி இங்கே ஆட்கள் வருகிறார்கள். விருதுநகர் பக்கத்து நண்பர் சொல்வது: சோதனைக் குழு வருகிறது என்று தெரிந்தால் ஆலையைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பூட்டிய கேட்டை ஆய்வு செய்ய முடியாது.

இன்னொரு கேள்வி, இது முக்கியமானது. தம்பிக்கு பிரஸ்ஸில் இரண்டு விரல் போய்விட்டது, 'பைக்கில் விழுந்தேன்னு ஆஸ்பத்திரில சொல்லு, செலவை நாங்க பாத்துக்கறோம்' என்று கம்பெனியில் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று. சொல்லாதீர்கள். வேலையிடத்து விபத்து என்று பதிவானால்தான், இ.எஸ்.ஐ. அட்டவணையில் ஒரு கையின் இரண்டு விரலுக்கு உள்ள 20 சதவீதம் ஆயுளுக்கும் வரும். பைக் என்று எழுதிவிட்டால் ஆஸ்பத்திரி பில் முடிந்ததும் எல்லாம் முடிந்தது. டாக்டரிடம் முதல் நாளே உள்ளதைச் சொல்லி அதை எழுத வைக்கணும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு நீங்களே எழுதலாம். புகார் யார் கொடுத்தது என்பதை அவர் வெளியே சொல்லக்கூடாது. புகாரின் பேரில்தான் வந்தேன் என்பதையே நிறுவனத்திடம் சொல்லக்கூடாது. பிரிவு 118ஏ. அடிபட்டவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்த கடையில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டால், குறைவுதான். ஆனாலும் எழுதுங்கள், தேதி பதிவாகட்டும்.

14 டிசம்பர் 2025

நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. ஆக, மேலே உள்ள எண்களைப் பழைய சட்டத்துக்கு உரியவையாகப் படியுங்கள். தொழிலிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்பில், கடமை தவறி ஆள் இறந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம் ஐந்து லட்சத்துக்குக் குறையாமல், அல்லது இரண்டும். பலத்த காயத்துக்கு அபராதம் இரண்டு முதல் நான்கு லட்சம். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ கொடுக்க கோர்ட் உத்தரவிடலாம். கேள்வி கேட்டவருக்குப் பாதி ஆசை நிறைவேறியது. அந்தப் பாதிப் பங்கு நிஜமாகவே நல்ல ஏற்பாடு. சேஃப்டி ஆபீசர் 1,000 பேருக்கு மேல் என்று இருந்தது 500 ஆகியிருக்கிறது, அதுவும் நல்லது. என்னைப் போன்றவர்களுக்கு வேலை கிடைக்கும்.

மறுபக்கம், எந்த ஆலைக்கு எப்போது ஆய்வு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் முறை வருகிறது. சிறை தண்டனை இல்லாத, அல்லது ஓராண்டுக்குள் சிறை உள்ள குற்றங்களுக்கு உச்ச அபராதத்தில் பாதியோ முக்காலோ கட்டிக் கேஸை முடித்துக்கொள்ளலாம். கோர்ட் வராண்டா பெஞ்ச்கூட இனி அந்த டைரக்டருக்கு இல்லை. இ.எஸ்.ஐ. பங்கோ அதே 3.25.

15 டிசம்பர் 2025

ஜூலையில் கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். தம்பியின் காயம் வேலையிடத்து விபத்தாகப் பதிவாகிவிட்டது, மெடிக்கல் போர்டுக்குக் காத்திருக்கிறார்கள். கடையில் மொத்தம் 16 பேர், புதுச் சட்டத்தில் நிலைமை என்ன என்கிறார். பவர் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதியதில் 20. உங்கள் தம்பிக்கு நடந்தது பழைய சட்டக் காலத்தில், அதற்குப் பழைய கணக்குதான். அந்த பிரஸ்ஸில் இப்போது நிற்கிறாரே, அவருக்கு அது ஃபேக்டரி இல்லை. 10 பேருக்கு மேல் இருப்பதால் பொதுவான பாதுகாப்புக் கடமைகள் பொருந்தும், அதைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். மெஷின் பின் கிளட்ச்சா, நியூமேடிக்கா என்று பார்த்துச் சொல்லுங்கள். பின் கிளட்ச் என்றால் கூண்டு எப்படிப் போடுவது என்று படம் வரைந்து அனுப்புகிறேன்.